மலை நாட்டில் ஓடும் சக்கரங்கள்



அடுத்த முறை புகைவண்டி நிலையத்துக்குச் செல்லும்பொழுது தண்டவாளத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். சக்கரம் படும் மேற்பகுதி மட்டும் கண்ணாடிபோல் பளபளக்கும். அதன்மீது உருளும் சக்கரமும் அவ்வாறே வழுவழுப்பானது. இரண்டும் எஃகு. இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடமோ ஒரு சிறு நாணயத்தின் அளவுதான். இந்த இடத்தில் கிடைக்கும் பிடிப்பை நம்பித்தான் நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள வண்டி புறப்படுகிறது. பிரேக் போட்டால் நிற்கிறது. சமவெளியில் இந்தப் பிடிப்பு போதும். மலையில் போதுமா?

இக்கேள்விக்கு ஒரு நாடே விடை எழுதி வைத்திருக்கிறது. அது சுவிட்சர்லாந்து. அதன் பரப்பு 41,285 சதுர கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு ஆல்ப்ஸ் மலைப்பகுதி. கடற்கரை கிடையாது. சொல்லும்படியான நிலக்கரிச் சுரங்கமும் கிடையாது. ஆயினும் அங்கே பயணம் செய்வோருக்கு வாகன வகைகளில் குறைவே இல்லை. சாதாரண ரயில், பல்சக்கர ரயில், கம்பிவடத்தால் இழுக்கப்படும் வண்டி, அந்தரத்தில் தொங்கும் ரோப் கார், மஞ்சள் நிறப் பேருந்து, ஏரிக் கப்பல் என்று எத்தனையோ உண்டு. எந்த இடத்தில் எந்த வாகனம் ஓடும் என்பதைப் பெரும்பாலும் ஒரே ஓர் அளவுதான் முடிவு செய்கிறது. அது பாதையின் சரிவு. நாமும் அந்தச் சரிவையே வழிகாட்டியாகக் கொண்டு அந்நாட்டைச் சுற்றி வருவோம்.

நாட்டுக்குள் நுழையும் வழிகள்

வானூர்தியில் வருவோர் பெரும்பாலும் சூரிக் அல்லது ஜெனீவாவில் இறங்குவர். இரண்டு விமான நிலையங்களிலும் அவற்றை ஒட்டியே ரயில் நிலையம் உண்டு. பெட்டியை எடுத்துக்கொண்டு சில நிமிடங்கள் நடந்தால் நாட்டின் எந்த மூலைக்கும் ரயிலில் புறப்பட்டுவிடலாம். மூன்றாவது பெரிய விமான நிலையம் பாசெல் நகருக்கு உரியது. அது பிரெஞ்சு மண்ணில் அமைந்திருப்பது ஒரு வேடிக்கை. அதை இரு நாடுகளும் சேர்ந்து நடத்துகின்றன.

ரயிலிலும் வரலாம். பாரீசிலிருந்து ஜெனீவாவுக்கு அதிவேக ரயிலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். தெற்கே இத்தாலியின் மிலான் நகரிலிருந்து சூரிக் வர ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். பாரீசிலிருந்து வரும் வழியில் பெரிய மலைத்தடை இல்லை. மிலானிலிருந்து வரும் வழியிலோ ஆல்ப்ஸ் மலைத்தொடர் முழுவதும் குறுக்கே நிற்கிறது. அதைக் கடந்து வர மூன்றரை மணி நேரமே ஆகிறது என்றால், அதன் பின்னே நூற்று ஐம்பது ஆண்டுக்கால உழைப்பு இருக்கிறது.

வழுக்கலே வசதி

முதலில் ஒரு சிறு கணக்குப் போடுவோம். 1 டன் நிறையைப் புவி இழுக்கும் விசையை 1 டன் விசை என்று கொள்வோம். (விசையை நியூட்டனில் சொல்வதே முறை. மனக்கணக்கு எளிதாக வேண்டும் என்பதற்காக இவ்வாறு கொள்கிறோம்.)

சமதளத்தில் எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருளும்பொழுது, மெதுவான வேகத்தில், ஒரு டன்னுக்குச் சுமார் 2 கிலோகிராம் விசைதான் தடையாக இருக்கும். எஞ்சினையும் சேர்த்து 500 டன் எடையுள்ள வண்டியை இழுக்க 1 டன் விசை போதும். சாலையில் ஓடும் ரப்பர் டயர்களுக்கு இதைப்போல் பல மடங்கு விசை தேவை. சக்கரமும் தண்டவாளமும் கடினமாகவும் வழுவழுப்பாகவும் இருப்பதால் கிடைக்கும் பெரிய நன்மை இது.

இப்பொழுது பாதையைச் சற்றுச் சாய்ப்போம். கிடையாக 1000 மீட்டர் செல்லும்பொழுது 26 மீட்டர் உயரும் பாதையின் சரிவை ‘ஆயிரத்துக்கு 26’ என்பர். கண்ணால் பார்த்தால் இந்தச் சரிவு தெரியவே தெரியாது. ஆனால் 500 டன் வண்டியை அதில் ஏற்றப் புவியீர்ப்புக்கு எதிராக மட்டும் 500 × 26 ÷ 1000 = 13 டன் விசை தேவை. உருளும் தடையையும் சேர்த்தால் 14 டன். சமதளத்தில் தேவைப்பட்ட விசையைப்போல் 14 மடங்கு!

இந்த விசையை எஞ்சினின் சக்கரங்கள் எங்கிருந்து பெறும்? தண்டவாளத்தோடு அவற்றுக்குள்ள உராய்விலிருந்துதான். எஞ்சினின் எடை 80 டன் என்றும், உராய்வுக் குணகம் 0.2 என்றும் கொண்டால், கிடைக்கக்கூடிய உச்ச விசை 80 × 0.2 = 16 டன். தேவை 14 டன். வண்டி மெல்ல ஏறிவிடும். ஆனால் மழையோ பனியோ பட்டு உராய்வுக் குணகம் 0.1 ஆகக் குறைந்தால் கிடைப்பது 8 டன் மட்டுமே. அப்பொழுது எவ்வளவு ஆற்றல் வாய்ந்த எஞ்சினாக இருந்தாலும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். அதனால்தான் எஞ்சின்களில் மணற்பெட்டி வைத்து, சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தூவுகிறார்கள்.

எஞ்சினில் மட்டுமன்றிப் பல பெட்டிகளின் அச்சுகளிலும் மின்மோட்டாரைப் பொருத்தினால் பிடிப்பு கூடும். சுவிட்சர்லாந்தின் தென்கிழக்கில் 1910இல் முழுமையாகத் திறக்கப்பட்ட பெர்னினா இருப்புப்பாதை இவ்வகையில் புகழ்பெற்றது. ஆயிரத்துக்கு 70 என்ற சரிவில், பற்களின் உதவி எதுவும் இன்றி, வெறும் உராய்வை நம்பியே வண்டிகள் அதில் 2253 மீட்டர் உயரம்வரை ஏறுகின்றன.

சுற்றிச் சுற்றி ஏறும் பாதை

19ஆம் நூற்றாண்டில் நீராவி எஞ்சின்களைக் கொண்டு ஆல்ப்ஸ் மலையைக் கடக்க முனைந்தபொழுது, பொறியாளர்கள் பாதையின் சரிவை ஆயிரத்துக்கு ஏறத்தாழ 26 என்ற அளவுக்குள் வைத்துக்கொண்டார்கள். கோத்தார்ட் மலைப்பாதை அவ்வாறு அமைந்ததே. அதில் எர்ஸ்ட்ஃபெல்ட் என்ற ஊர் 472 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலையைக் குடையத் தொடங்கும் கோஷனென் என்ற ஊர் 1106 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இடைப்பட்ட உயரம் 634 மீட்டர். இதை 26/1000 ஆல் வகுத்துப் பாருங்கள். குறைந்தது 24 கிலோமீட்டர் நீளப் பாதை வேண்டும். ஆனால் பள்ளத்தாக்கு சில இடங்களில் இந்தச் சரிவைவிடச் செங்குத்தாக எழுகிறது. பாதையை நேராகப் போட்டால் வண்டி ஏறாது.

மலைக்குள் வட்டமாகக் குடைந்து, திருகாணியின் மரைபோல் பாதையைச் சுழற்றி மேலே கொண்டுவருவதே அதற்குக் கண்ட வழி. பயணி ஒருவர் வாசென் என்ற சிற்றூரைக் கடக்கும்பொழுது, குன்றின்மேல் உள்ள ஒரு வெள்ளை மாதாகோவிலை முதலில் தலைக்கு மேலே காண்பார். சற்று நேரத்தில் அது கண்ணுக்கு நேராக வரும். மூன்றாம் முறை காலடிக்குக் கீழே தெரியும். கோவில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வண்டிதான் மலைக்குள் புகுந்து திரும்பித் திரும்பி ஏறிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பாதையின் உச்சியில் 15 கிலோமீட்டர் நீளக் குகைவழி வெட்டப்பட்டது. பணி 1872இல் தொடங்கி 1882இல் வண்டி ஓடியது. ஆல்ஃபிரட் நோபெல் கண்டுபிடித்த டைனமைட்டைக் கொண்டு பாறையைத் தகர்த்தனர். பாறை சரிந்தும், வெடிவிபத்திலும், நீர் பீறிட்டும் ஏறத்தாழ 200 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்து வந்த ஏழைகள். புழுக்கமும் ஈரமும் நிறைந்த அக்குகையில் கழிப்பிட வசதி இல்லாததால் கொக்கிப்புழு நோய் பரவி இன்னும் பலரை வாட்டியது. ஒப்பந்தக்காரரான லூயி ஃபாவ்ர் 1879இல் குகைக்குள்ளேயே மாரடைப்பால் இறந்தார். இரு பக்கமிருந்தும் வெட்டி வந்தவர்கள் அதற்கு அடுத்த ஆண்டுதான் நடுவே சந்தித்தனர்.

பல் முளைத்த பாதை

சரிவு இன்னும் கூடினால் என்ன ஆகும்? லூசெர்ன் ஏரிக்கரைக்குச் செல்வோம். நீர்ப்பரப்புக்குச் சரிவே இல்லை. ஆகவே கப்பல் பயணம் மிக எளிது. 1901இல் கட்டிய ‘ஊரி’ என்ற துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல் அந்த ஏரியில் இன்னும் ஓடுகிறது. லூசெர்ன் நகரில் கப்பலேறி விட்ஸ்னாவ் என்ற கரையில் இறங்கினால், எதிரே ரிகி மலை நிற்கும். அதன்மீது செல்லும் பாதையின் சரிவு சில இடங்களில் ஆயிரத்துக்கு 250.

நமது 80 டன் எஞ்சினை இங்கே கொண்டு வந்தால், பெட்டிகளை எல்லாம் கழற்றிவிட்டாலும் தன்னை மட்டும் ஏற்றிக்கொள்ள அதற்கு 80 × 250 ÷ 1000 = 20 டன் விசை வேண்டும். உராய்வு தருவதோ 16 டன். அதாவது எஞ்சின் தன்னையே ஏற்றிக்கொள்ள இயலாது. உராய்வின் எல்லை இத்துடன் முடிந்தது.

நிக்லாஸ் ரிகன்பாக் என்ற பொறியாளர் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே ஏணிபோன்ற ஒரு பற்சட்டத்தைப் பதித்தார். எஞ்சினின் அடியில் உள்ள பற்சக்கரம் அந்த ஏணியின் படிகளில் பற்றிப் பற்றி ஏறும். 1871 மே மாதம் ரிகி மலையில் இவ்வண்டி ஓடத் தொடங்கியது. ஐரோப்பாவின் முதல் மலைப் பல்சக்கர ரயில் இதுவே.

ரிகன்பாக்கிடம் பணிபுரிந்த ரோமன் ஆப்ட் இம்முறையை மேலும் திருத்தினார். ஒரே ஏணிக்குப் பதிலாக இரண்டு பற்சட்டங்களை அருகருகே வைத்தார். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றொன்றின் பள்ளம் வருமாறு அவற்றை அமைத்தார். இதனால் எந்த நொடியிலும் ஏதேனும் ஒரு பல் நன்றாகப் பற்றியிருக்கும். வண்டி குலுங்காமல் ஏறும். இந்த ஆப்ட் முறையை நீங்கள் நேரில் பார்க்கச் சுவிட்சர்லாந்து வரை போக வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் செல்லும் நீலகிரி மலை ரயில் 1899இல் இம்முறையில்தான் ஓடத் தொடங்கியது. அதில் பல ஆண்டுகள் உழைத்த நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை.

பிலாட்டஸ் மலையின் சரிவு இன்னும் கடுமையானது: ஆயிரத்துக்கு 480. இவ்வளவு சரிவில் மேலிருந்து பற்றும் பற்சக்கரம் பற்சட்டத்தை விட்டு எழும்பிவிடக்கூடும். எட்வர்ட் லோகர் என்பவர் பற்சக்கரங்களைக் கிடையாகப் படுக்க வைத்து, ஒரே சட்டத்தை இரு பக்கங்களிலிருந்தும் இடுக்கிபோல் பிடிக்குமாறு செய்தார். இப்பிடியில் எழும்புவதற்கு வழியே இல்லை. 1889இல் திறக்கப்பட்ட இப்பாதையே இன்றும் உலகின் மிகச் செங்குத்தான பல்சக்கர ரயில் பாதையாகும்.

ஐரோப்பாவின் பல்சக்கர ரயில்களில் மிக உயரம் செல்வது யுங்ஃப்ராவ் பாதை. 1896இல் தொடங்கிய வேலை 1912இல் முடிந்தது. திட்டத்தைத் தொடங்கிய அடால்ஃப் குயர்-ஸெல்லர் 1899லேயே இறந்துவிட்டார். 9 கிலோமீட்டரை ஒட்டிய இப்பாதையில் 7 கிலோமீட்டருக்கு மேல் மலைக்குள்ளேயே செல்கிறது. குகைக்குள் புகை சூழ்ந்தால் மூச்சுத் திணறும் என்பதால் தொடக்கம் முதலே மின்சார வண்டிதான். கடைசி நிலையம் 3454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஐரோப்பாவில் இதைவிட உயரமான ரயில் நிலையம் இல்லை. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே வண்டியை விட்டு இறங்கியதும் ஓடாதீர்கள், மெல்ல நடங்கள்.

ஒன்று இறங்க, ஒன்று ஏறும்

இதைவிடச் செங்குத்தான இடங்களில் எஞ்சினை வண்டியில் வைப்பதே வீண் சுமை. அதை மேலேயே வைத்துவிட்டு, கம்பிவடத்தால் வண்டியை இழுக்கலாம். பழனியில் நாம் ‘விஞ்ச்’ என்று சொல்லும் வண்டி இந்த இனத்தைச் சேர்ந்தது. பொதுவாக ஒரே வடத்தின் இரு நுனிகளிலும் இரண்டு வண்டிகளைக் கட்டி, வடத்தை மேலே உள்ள கப்பியில் மாட்டியிருப்பார்கள். ஒரு வண்டியின் எடை மற்றொன்றைச் சமன் செய்துவிடும். மோட்டார் ஈடுகட்ட வேண்டியது இரு பக்கப் பயணிகளின் எடை வேறுபாட்டையும் உராய்வையும் மட்டுமே.

ஃபிரிபூர் நகரில் இந்த மோட்டாரும் இல்லாத ஒரு வண்டி 1899 முதல் ஓடுகிறது. மேலே நிற்கும் வண்டியின் தொட்டியில் மேல்நகரின் கழிவுநீரை நிரப்புகிறார்கள். அதன் எடையால் அது கீழே இறங்க, கீழே உள்ள வண்டி மேலே ஏறுகிறது. இறங்கிய வண்டி கீழே நீரைக் கொட்டிவிட்டு அடுத்த முறை தான் ஏறத் தயாராகிறது. எரிபொருளும் இல்லை, மின்மோட்டாரும் இல்லை. எப்படியும் கீழே ஓடப்போகும் கழிவுநீரின் நிலையாற்றலே ஊர்மக்களைச் சுமக்கிறது. அந்த நீர் எத்தகையது என்பதைச் சில நாட்களில் பயணியின் மூக்கே சொல்லிவிடும்!

இவ்வகை வண்டிகளில் மிகச் செங்குத்தானது ஸ்டோஸ் என்ற மலையூருக்குச் செல்வது. 2017இல் திறக்கப்பட்ட அதன் உச்சச் சரிவு நூற்றுக்கு 110. நூற்றுக்கு 100ஐத் தாண்டிய சரிவு எப்படி இருக்க முடியும் என்று சிலர் கேட்கலாம். கிடையாக 100 மீட்டர் செல்லும்பொழுது 110 மீட்டர் உயர்கிறது என்பதே பொருள். டேன்ஜென்ட் மதிப்பு 1.1 ஆக உள்ள கோணம் யாது என்று அட்டவணையில் பாருங்கள். ஏறத்தாழ 48 டிகிரி. இத்தகைய சரிவில் பயணிகள் நிற்பது எப்படி? அறைகளைப் பீப்பாய் வடிவில் செய்திருக்கிறார்கள். சரிவு மாறும்பொழுது பீப்பாயும் சுழன்று, உள்ளே தரை எப்பொழுதும் மட்டமாகவே இருக்கும்.

தரையில் பாதையே போட இயலாத பாறை முகடுகளுக்கும் பள்ளத்தாக்குகளுக்கும் ரோப் கார். அதன் வடம் கோபுரங்களுக்கு இடையே சற்றுத் தொய்ந்திருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். தொய்வு இருந்தால்தான் வடத்தின் இழுவிசையில் ஒரு பகுதி மேல்நோக்கி அமைந்து பெட்டியின் எடையைத் தாங்கும். கோடுபோல் நேராக இழுத்துக் கட்ட முயன்றால் தேவைப்படும் இழுவிசை எல்லையின்றிப் பெருகி வடம் அறுந்துவிடும். துணி உலர்த்தும் கொடியின் நடுவே ஒரு வாளியைத் தொங்கவிட்டு, இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

இறங்குவதே கடினம்

மலையில் ஏறுவது கடினம், இறங்குவது எளிது என்றுதான் நமக்குத் தோன்றும். ரயில் ஓட்டுநரைக் கேட்டால் மாற்றிச் சொல்வார். ஏறும் வண்டி பிடிப்பை இழந்தால் நின்றுவிடும். இறங்கும் வண்டி பிடிப்பை இழந்தால் நிற்காது.

நமது 500 டன் வண்டி கோஷனெனிலிருந்து எர்ஸ்ட்ஃபெல்டுக்கு 634 மீட்டர் இறங்குகிறது. அது இழக்கும் நிலையாற்றல் 5,00,000 × 9.8 × 634, அதாவது சுமார் 310 கோடி ஜூல். மின்சாரக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 860 யூனிட். இதை முழுவதும் பிரேக் கட்டைகளின் உராய்வால் வெப்பமாக்கினால், 14 டன் இரும்பை 500 டிகிரி சூடேற்றப் போதுமானது. கட்டையும் சக்கரமும் பழுக்கச் சூடானால் பிடிப்பு குறையும். சக்கரத்தில் விரிசலும் விழலாம்.

மின்சார வண்டி இதற்கு அழகான தீர்வைத் தந்தது. மின்மோட்டாரை வெளியிலிருந்து சுழற்றினால் அது மின்னியற்றியாக மாறிவிடும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். இறங்கும் வண்டியின் சக்கரங்கள் மோட்டாரைச் சுழற்றுகின்றன. பிறக்கும் மின்சாரம் மேலே உள்ள கம்பி வழியாகத் திரும்பிச் சென்று, எதிரே ஏறிவரும் மற்றொரு வண்டிக்குப் பயன்படுகிறது. ஃபிரிபூரில் கம்பிவடம் செய்யும் வேலையை இங்கே மின்கம்பி செய்கிறது.

முதல் உலகப்போரின்போது வெளிநாட்டு நிலக்கரி கிடைப்பது அரிதாகி அதன் விலையும் ஏறியது. கோத்தார்ட் பாதையை மின்மயமாக்க 1916இல் முடிவு செய்தார்கள். 1920க்கும் 1922க்கும் இடையில் அப்பணி முடிந்தது. மலையில் விழும் மழையும் உருகும் பனியும் நீர்மின் நிலையங்களை இயக்கின. இன்றும் சுவிஸ் கூட்டாட்சி ரயில்வேக்குத் தேவையான மின்சாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நீரிலிருந்தே கிடைக்கிறது.

சரிவையே நீக்கிய குகை

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு குறை இருந்தது. கோத்தார்ட் பாதையின் உச்சி 1151 மீட்டர். 1980இல் அம்மலையின் ஊடே சாலைக் குகைவழி திறக்கப்பட்டதும் சரக்கு லாரிகள் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கின. பள்ளத்தாக்கில் வாழும் மக்கள் புகையாலும் இரைச்சலாலும் அவதியுற்றனர். 1994 பிப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பில், ஆல்ப்ஸைக் கடந்து செல்லும் சரக்கைச் சாலையிலிருந்து ரயிலுக்கு மாற்ற வேண்டும் என்று நாட்டு மக்கள் தீர்ப்பளித்தனர். 2001 அக்டோபரில் அச்சாலைக் குகைக்குள் இரண்டு லாரிகள் மோதித் தீப்பற்றியதில் 11 பேர் இறந்தது, அத்தீர்ப்பின் தேவையை மேலும் உணர்த்தியது.

ஆனால் கனமான சரக்கு வண்டியை 1151 மீட்டர் உயரத்துக்கு ஏற்றக் கூடுதல் எஞ்சின்கள் வேண்டும், நேரமும் ஆகும். ஆகவே மலையின் அடிவாரத்திலேயே குடைந்துவிட முடிவு செய்தார்கள். 2016 ஜூன் மாதம் திறக்கப்பட்ட கோத்தார்ட் அடித்தளக் குகையின் நீளம் 57 கிலோமீட்டர். உலகின் மிக நீளமான ரயில் குகை இதுவே. அதன் மிக உயர்ந்த இடமே கடல்மட்டத்திலிருந்து 549 மீட்டர்தான். உள்ளே சரிவு ஆயிரத்துக்கு 7க்கும் குறைவு. பழைய உச்சிக்கும் இதற்கும் வேறுபாடு 602 மீட்டர். 1000 டன் எடையுள்ள சரக்கு வண்டியை இந்த 602 மீட்டர் உயர்த்தச் சுமார் 1,600 யூனிட் ஆற்றல் வேண்டும். இனி அந்த ஏற்றமே இல்லை.

குகைக்கு மேலே சில இடங்களில் 2300 மீட்டர் கனத்துக்குப் பாறை இருக்கிறது. பூமியின் உட்புற வெப்பத்தால் அப்பாறை சுமார் 45 டிகிரி வெம்மையில் இருந்தது. குளிரூட்டிய காற்றைச் செலுத்தி, பெரிய துளையிடும் எந்திரங்களைக் கொண்டு வேலை செய்தனர். அப்படியும் 9 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். 15 கிலோமீட்டருக்கு 200 உயிர்கள் என்ற பழைய கணக்கோடு ஒப்பிட்டால் முன்னேற்றம் பெரிதுதான். ஆனாலும் அந்த ஒன்பது பேரின் வீடுகளில் இந்த ஒப்பீடு யாருக்கும் ஆறுதல் தந்திராது.

2023 ஆகஸ்டு 10ஆம் நாள் இக்குகையில் ஒரு சரக்கு வண்டி தடம்புரண்டது. ஒரு பெட்டியின் சக்கரம் விரிசல் கண்டு உடைந்ததே காரணம். யாருக்கும் காயமில்லை. ஆனால் பல கிலோமீட்டர் பாதை சேதமடைந்து, முழுவதும் சீராக 2024 செப்டம்பர் ஆயிற்று. அதுவரை பெரும்பாலான பயணிகளை ஏற்றிச் சென்றது எது தெரியுமா? வாசென் கோவிலை மும்முறை சுற்றும் அந்தப் பழைய பாதைதான். அதைக் கைவிடாமல் வைத்திருந்தது எவ்வளவு நல்லதாயிற்று!

காலத்தால் இணைந்த வாகனங்கள்

இத்தனை வாகனங்களும் தனித்தனியே ஓடினால் பயணிக்குப் பயன் குறைவு. ஒன்றிலிருந்து இறங்கியதும் மற்றொன்று காத்திருக்க வேண்டும். 1982 முதல் சுவிட்சர்லாந்தில் ஒரு வண்டி 8.02க்குப் புறப்பட்டால் அடுத்தது 9.02க்கு, பிறகு 10.02க்கு என்று நாள் முழுவதும் ஒரே ஒழுங்கில் புறப்படும் முறை வந்தது. முக்கிய நிலையங்களில் எல்லாத் திசை வண்டிகளும் மணி அடிப்பதற்குச் சற்று முன்பு வந்து சேர்ந்து, சற்றுப் பின்பு புறப்படுகின்றன.

இதற்கு இரு நிலையங்களுக்கு இடையே பயண நேரம் ஒரு மணிக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். சூரிக்கிலிருந்து பெர்னுக்குச் செல்லும் நேரத்தை 2004 டிசம்பரில் 56 நிமிடமாகக் குறைத்தது இதற்காகவே. அதைவிட விரைவாகச் சென்றாலும் பயன் அதிகமில்லை. சீக்கிரம் போய் அடுத்த வண்டிக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும்.

நிலையக் கடிகாரமும் இந்த ஒழுங்குக்குத் துணை நிற்கிறது. அதன் சிவப்பு விநாடிமுள் சுமார் 58.5 விநாடியிலேயே ஒரு சுற்றை முடித்துவிட்டு உச்சியில் ஒரு கணம் நிற்கும். தலைமைக் கடிகாரத்திலிருந்து மின்துடிப்பு வந்ததும் நிமிடமுள் ஓர் இடம் தாவ, விநாடிமுள் மீண்டும் புறப்படும். இவ்வாறு நிலையத்தின் கடிகாரங்கள் அனைத்தும் ஒவ்வொரு நிமிடமும் தம்மைத் திருத்திக்கொள்கின்றன.

ரயில் எட்டாத ஊர்களுக்கு மஞ்சள் நிற அஞ்சல் பேருந்து செல்லும். மலைச்சாலையின் குருட்டு வளைவுகளில் அது மூன்று சுரங்கள் கொண்ட ஊதலை ஒலிக்கும். இத்தாலிய இசைமேதை ரொசினியின் ‘வில்லியம் டெல்’ இசை நாடகத்திலிருந்து எடுத்த சுரங்கள் அவை. விளக்கை அணைத்து அணைத்துப் போடாமல் ஒலியை எழுப்புவது ஏன்? ஒளியின் அலைநீளம் மிகச் சிறியது. பாறையின் விளிம்பைச் சுற்றி அது வளையாது. ஒலியின் அலைநீளமோ மீட்டர் அளவில் இருப்பதால், விளிம்பில் வளைந்து மறுபக்கத்தை எட்டும். வளைவுக்கு அப்பால் வருபவர் பேருந்தைக் காணும் முன்பே கேட்டுவிடுவார்.

இறுதியாக உங்களுக்கு ஒரு கணக்கு. மழை நாளில் உராய்வுக் குணகம் 0.1 மட்டுமே என்று கொள்ளுங்கள். நமது 80 டன் எஞ்சின், தன்னையும் சேர்த்து 500 டன் வண்டியை எவ்வளவு சரிவுவரை ஏற்ற இயலும்? உருளும் தடைக்கு 1 டன் ஒதுக்க மறவாதீர்கள். விடையைக் கண்டபின் அதைப் பழைய கோத்தார்ட் பாதையின் சரிவோடும், புதிய குகையின் சரிவோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். மணற்பெட்டி ஏன் வேண்டியிருந்தது என்பதும், 57 கிலோமீட்டர் பாறையை ஏன் குடைந்தார்கள் என்பதும் அந்த ஒரே எண்ணிலிருந்து உங்களுக்கு விளங்கும்.